கிழவியின் தட்டுக்கு அடியில்

சித்தி, உங்கள் கையெழுத்து அழகு. ஃப்ரிட்ஜ் கதவில் நீங்கள் ஒட்டிய அட்டவணையை நான் இன்னும் கிழிக்கவில்லை. பத்து நாள், பத்துக் கட்டம், பத்திலும் நான் போட்ட டிக். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மணி இரண்டு. உங்கள் பெட்டி கூடத்தில் நிற்கிறது. ஏழு மணிக்கு வண்டி வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும்.

நீங்கள் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு, உங்கள் பூனைக்குட்டி வாலுவைக் கூடையில் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த அன்று, கிழவி பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பதின்மூன்று வயதுப் பூனை. அம்மா வளர்த்தது. அம்மா இறந்த பிறகு என் கால்மாட்டில்தான் தூங்கும்.

"ரெண்டையும் உடனே மூஞ்சிக்கு மூஞ்சி காட்டாதீங்க. குட்டியைத் தனி ரூம்ல வைங்க. அது படுத்த துணியைப் பெரியவங்க சாப்பிடுற தட்டுக்கு அடியில விரிங்க. இந்த வாசனை வந்தா சோறு வரும்னு மனசுல பதியணும்" என்றார் பூனை டாக்டர். கிழவியைப் 'பெரியவங்க' என்றதற்கு நீங்கள் சிரித்தீர்கள். அப்பாவும் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

துணி விரிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குத்தான் நீங்கள் அந்தப் பத்து நாள் அட்டவணையை ஒட்டினீர்கள். கிழவி என்னிடம் மட்டும்தான் வரும் என்றேன். அது உண்மை.

முதல் நாள் வாலு படுத்த துண்டைத்தான் விரித்தேன். கிழவி முகர்ந்தது, ஒரு தும்மல் போட்டது, தட்டைக் காலி செய்தது. மறுநாள் இரண்டும் கதவின் கீழ் இடுக்கில் முன்னங்காலை விட்டுத் தட்டித் தட்டி விளையாடின. டாக்டர் சொன்னது பலித்துவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் துணியை மாற்றினேன். அழுக்குக் கூடையிலிருந்து உங்கள் தலையணை உறையை எடுத்து விரித்தேன். உங்கள் தலைமுடி வாசனை அதில் இருந்தது. கிழவி குனிந்து வாய் வைத்ததும், கதவுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் மூடியைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். ஒரே ஒரு அடி. நீங்களும் அப்பாவும் வேலையிலிருந்து வர ஆறரை ஆகும். தினமும் நான் ஐந்து மணிக்கே முடித்துவிடுவேன்.

கிழவியை நான் தொடவே இல்லை. அடித்தது யாரென்று அதற்குத் தெரியாது. பயந்து என் மடிக்குத்தான் ஓடி வரும். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். "ஒண்ணுமில்லடி தங்கம், நான் இருக்கேன்ல" என்று காதில் சொல்வேன். அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏழாம் நாள் நீங்கள் கூடத்துக்குள் கால் வைத்ததும் கிழவி சீறியது. "ஏண்டி கிழவி, நான் உனக்கு என்னடி பண்ணேன்?" என்று குனிந்தீர்கள். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "அது இவ அம்மா வளத்த பூனை. வாயில்லா ஜீவனுக்கு ஏதோ தெரியுதுபோல." விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று நீங்கள் மீனை முள் நீக்கிக் கையில் வைத்துக்கொண்டு பீரோவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்தீர்கள். எழுந்ததும் என் தலையைத் தடவி, "நீ மட்டும் இல்லேன்னா இது என்ன ஆகும்? உனக்குப் பொறுமை ஜாஸ்திடி" என்றீர்கள்.

பத்தாம் நாள் கிழவி சாப்பிடவில்லை. பதினொன்றிலும் இல்லை, பன்னிரண்டிலும் இல்லை. உறையை எடுத்துவிட்டு வெறும் தரையில் தட்டை வைத்தேன். மூடியை ஒளித்து வைத்தேன். மடியில் தூக்கக் கை நீட்டினேன். என் விரலை முகர்ந்தது. காதைப் பின்னால் மடித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. எட்டு நாள் உங்கள் உறையை எடுத்து விரித்த கை. சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். அது என்னிடமும் வரவில்லை.

கிழவி செத்துப்போனது. வயதான உடம்பு, பட்டினியை ஈரல் தாங்கவில்லை என்றார் டாக்டர். "எதைப் பாத்து இவ்ளோ பயந்துச்சு?" என்று கேட்டார். அப்பா உங்களைப் பார்த்தார். நானும் உங்களைப் பார்த்தேன்.

"நீ வந்த நேரம்" என்று தொடங்கிய அப்பா முடிக்கவில்லை. நீங்கள் பரணிலிருந்து உங்கள் பெட்டியை இறக்கினீர்கள்.

இப்போது சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தாலும் பீரோவுக்கு அடியில் நகம் கீறுகிறது. குனிந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்தத் தாளை உங்கள் கதவு இடுக்கில் தள்ளப் போகிறேன். அப்பாவிடம் காட்டுங்கள். எல்லாம் நான்தான் செய்தேன். ஆனால் கிழவிக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. அதற்கு என்னைத் தவிர யார் இருந்தார்கள்?

போகாதீர்கள், சித்தி. இனி உங்களைக் கண்டு பயப்பட இந்த வீட்டில் யாரும் இல்லை. வாலுவை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பொறுமை ஜாஸ்தி என்று நீங்களே சொன்னீர்கள்.