பிரேக் தகட்டில் கிரீஸ்

காப்பி ஆறுகிறது பாஸ்டர், குடியுங்கள். நம் சபையில் பாவமன்னிப்புக் கூண்டு கிடையாது என்பதால் சமையலறையிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் வெர்லினின் கை தானாக முறியவில்லை.

எங்கள் கேம்பர் வண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஹேண்டிலைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், கூடாரம் விரியும். அந்த ஹேண்டிலைப் பற்றி அவர் ஏரிக்கரையில் பிரசங்கம் செய்யாத கோடை இல்லை. தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் பிரசங்கத்தைவிட நீளம்.

"மார்லிஸ், பல்சக்கரத்துக்குத்தான் கிரீஸ். பிரேக் தகட்டுல துளி படக்கூடாது. பட்டா பிடிப்பு போயிடும், கூரை மடார்னு எறங்கும், ஹேண்டில் சுத்துற சுத்துல கை போயிடும். காதுல விழுதா?"

"விழுது வெர்லின். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் விழுது."

இந்த இலையுதிர் காலத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒருநாள் சாப்பிடும்போது, உப்பு கேட்கிற மாதிரி சொன்னார்: "பனி முடியிற வரைக்கும் கேம்பரை எடுத்துக்கிட்டு அரிசோனால போய் இருக்கப் போறேன். நீ எதுக்கு? உனக்குத்தான் சர்ச்சு இருக்கே."

மினசோட்டாப் பனியில், அந்த வீட்டில், நான் மட்டும். எனக்குப் பயமாக இருந்தது பாஸ்டர். கோபம் இல்லை. நான் கோபப்படுகிற பெண் இல்லை.

அவர் கடைக்குப் போயிருந்தபோது ஹேண்டில் பெட்டியின் மூடியைக் கழற்றி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோலத் தகடுகளுக்குத் தாராளமாகத் தடவினேன். பயணத்துக்கு முன் சரிபார்க்க அவர் கூரையை ஏற்றினார். முழு உயரம் வந்ததும் பிடியைத் தளர்த்தினார். ஹேண்டில் பின்னோக்கிச் சுழன்று முன்கை எலும்பை முறித்தது. நான் ஜன்னலருகே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்ததை உரித்து முடித்துவிட்டுத்தான் போனேன்.

இப்போது நான்தான் ஊட்டுகிறேன், சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். சாயங்காலம் சீட்டாடுகிறோம். அவருடைய சீட்டையும் நானே பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் நானே ஜெயிக்கிறேன். சபைப் பெண்கள் கேசரோல் சமைத்துக் கொண்டுவந்து, "கொடுத்து வச்ச மனுஷன்" என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கை கூடியதும் கிளம்பிவிடுவாராம். புது கேம்பருக்குச் சொல்லியாயிற்று. "இதுல ஹேண்டிலே கெடையாது மார்லிஸ், பட்டனை அமுக்கினா போதும்" என்று ஒரே சந்தோஷம். அதன் கையேட்டைத் தினமும் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார், எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.