கட்டு இல்லாத வழக்கு

இந்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. எங்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்தே என் முதுகு போய்விட்டது. நிதானமாகச் சொல்கிறேன், நீங்கள் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளவும் தோதாக இருக்கும்.

நீதிமன்ற வழக்குகளைத் தேடும் அந்த இணையதளத்தைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். அது மூன்றடுக்கு வீடு மாதிரி. மேலே, மக்கள் பெயரைத் தட்டித் தேடும் பக்கம். அடியில் வழக்கு விவரங்கள். நடு அடுக்கு, மேலே கேட்டதைக் கீழே போய் எடுத்துவந்து கொடுக்கும். அதுதான் என் பொறுப்பு. எடுத்துக் கொடுக்குமே தவிர, மெய்யா பொய்யா என்று அது பார்க்காது.

சோதித்துப் பார்க்க டம்மி வழக்குகள் போடுவோம். மற்றவர்கள் வாய்க்கு வந்த பெயரைத் தட்டினார்கள். என் காதில் அப்போது ஒரே பெயர்தான் விழுந்துகொண்டிருந்தது. என் தங்கைக்கு நிச்சயமாகியிருந்த டிராயிங் வாத்தியாரின் பெயர். அவரோடு போனில் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட அவளுக்குத் தெரியாது. அவர் பெயர், அவர் அப்பா பெயர், வயது எல்லாம் போட்டேன். குற்றம் என்ற இடத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தைகளிடம் தவறாக நடந்துகொண்டது என்பதைத் தேர்ந்தெடுத்தேன். விளையாட்டாகத்தான்.

தளத்தைத் திறப்பதற்கு முன் டம்மிகளை அழிக்கவேண்டும். அந்த வேலையும் என்னிடம்தான் வந்தது. ஒன்று மட்டும் தங்கிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் யாரோ தேடிப் பார்த்திருக்கிறார்கள். வாத்தியாருக்கு வேலை போயிற்று. அவர் நீதிமன்றத்துக்கு ஓடினார். பதிவறை எழுத்தர் தேடு தேடென்று தேடிவிட்டு, "இப்படி ஒரு கேஸ் கட்டே இங்க இல்லையேப்பா" என்று கையை விரித்துவிட்டார். கட்டு இருந்தாலாவது வழக்கு நடக்கும், விடுதலை கிடைக்கும். இல்லாத வழக்கிலிருந்து எந்த நீதிபதி விடுதலை செய்வார்? தெருவில் வேறு மாதிரிப் பேசினார்கள். காசு கொடுத்துக் கட்டையே காணாமல் போக்கிவிட்டானாம்.

கடைசியில் என்னிடம் வந்தார். மழையில் நனைந்திருந்தார், துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

"மச்சான், நீங்க கட்டின தளம்தானே. எங்கயோ தப்பு நடந்திருக்கு. கொஞ்சம் பாருங்க."

"பாத்துட்டேன் மாப்ள. எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. கோர்ட்லதான் கேக்கணும்."

"அங்க உங்களக் கேக்கச் சொல்றாங்க."

துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார். பார்க்கப் பாவமாக இருந்தது, மனதாரச் சொல்கிறேன். தன் சாமான்களை எடுக்கப் பள்ளிக்கூடம் போனவரை வாசலில் வைத்துப் பெற்றோர்கள் அடித்தார்கள். வலது கை விரல்கள் இனி மடங்காதாம். பிரஷ் பிடிக்க முடியாது.

"அவர் அப்படிப்பட்டவரா அண்ணா?" என்று தங்கை கேட்டாள். "யார நம்புறது, சொல்லு" என்றேன். கல்யாணம் நின்றது.

ஒன்று தங்கிவிட்டது என்று சற்றுமுன் சொன்னேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அழிக்கும்போது அதைப் பார்த்தேன். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் நானும் அவளும்தான். அவளும் போய்விட்டால் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்? பயமாக இருந்தது, ஐயா. மற்றதையெல்லாம் அழித்தேன், அதை விட்டேன். பிறகு கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அதைக் கண்டுபிடித்து அழித்தாள். மறுபடியும் போட்டதும் நான்தான். அப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

தங்கை இப்போது சித்தி வீட்டில் இருக்கிறாள். வேறு இடம் பார்த்திருக்கிறார்களாம், சந்தோஷம். ஆனால் மாப்பிள்ளை பெயரை மட்டும் சித்தி என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். கூடப் பிறந்த அண்ணன் நான், நாலு இடத்தில் விசாரிக்க வேண்டாமா?