காற்று இறங்கிய தீர்ப்பு

ஹலோ... ஹலோ, தொகுனாகா சானா? நான் கன்சாகி பேசுறேன்... ஆமா, ஆமா, அதே கன்சாகிதான். உங்க ஹிபாரி காரை வளைவுல திருப்பினா கொழகொழ தோஃபுக் கட்டி மேல உக்காந்து போற மாதிரி இருக்குன்னு பத்திரிகையில எழுதின ஆளு... ஐயோ, வச்சிராதீங்க! ரெண்டே நிமிஷம்... நான் எழுதினதால ஸ்பிரிங்கை மாத்துறதைப் பத்தி இன்னைக்கு உங்களுக்கு மீட்டிங்னு தெரியும். அதான் அடிச்சுப் பிடிச்சுக் கூப்பிடுறேன்.

எங்கேயா? ஹகோனே மலை மேல. சோபா நூடுல்ஸ் கடை வாசல்ல... இல்லல்ல, என் வண்டி இல்ல. ஹிபாரிதான். ஒடவாராவுல வாடகைக்கு எடுத்தேன்... சிரிங்க. சிரிக்க வேண்டியதுதான்.

எதுக்குன்னா... வாங்கினவங்க எல்லாம் கடுதாசி மேல கடுதாசி. 'நீங்க ஓட்டினது வேற வண்டியா?'ன்னு. அடுத்த இதழ்ல அவங்களை ஒரு பிடி பிடிக்கலாம்னுதான் எடுத்தேன். சொல்லவே நாக்கு கூசுது.

என்கிட்ட ஒரு காத்து மீட்டர் இருக்குமே... ஆமா, அந்தப் பித்தளை மீட்டர். எந்தக் கம்பெனி வண்டி குடுத்தாலும் டயருக்கு நானே காத்துப் பாத்து, சரி பண்ணிட்டுத்தான் ஏறுவேன். நீங்க ஏதாவது ஜோடிச்சு அனுப்பியிருப்பீங்கன்னு... ம்... ம்... பெருமையா எழுதியும் இருக்கேன்.

காலையில பங்க்ல அதை வச்சேன். இருக்க வேண்டியது இருநூறு கிலோபாஸ்கல், இது இருநூத்தி அறுபது காட்டுச்சு. இறக்கப் போனேன். அங்க வேலை பாக்குற அம்மா ஓடி வந்து, 'இப்பத்தானே சரியா இருநூறு வச்சேன், ஏன் இறக்குறீங்க?'ன்னாங்க. நான் விடுவேனா? இருபத்தாறு வருஷமா இதே வேலை எனக்குன்னு சவடால் விட்டேன். அவங்க உள்ள போய் மூணு மீட்டர் கொண்டு வந்து வச்சாங்க. மூணுமே இருநூறு.

...ஆமா. ஆமா. அதுக்குள்ள கணக்குப் போட்டுட்டீங்களா? என் மீட்டர் அறுபது கூடக் காட்டுது, அன்னைக்கு இருநூறுன்னு நான் வச்சது நூத்தி நாப்பதுதான். நாலு சக்கரத்துலயும். உங்க வண்டியில இவ்ளோ காத்தை இறக்கிட்டு ஓட்டிட்டு, ஆடுது ஆடுதுன்னு எழுதியிருக்கேன்... மீட்டரைப் பிப்ரவரியில ஒருக்கா கீழ போட்டேன். கண்ணாடி கூட உடையல, அதனால...

இல்ல, அது மட்டும் இல்ல. கேளுங்க. வெக்கமா இருக்கு, ஆனா கேளுங்க. ஒரு கோடி யென் வண்டி அப்படி ஆடியிருந்தா, எனக்கு என் மேலதான் சந்தேகம் வந்திருக்கும். இறங்கி டயரைப் பாத்திருப்பேன். இது இருபத்திரண்டு லட்சம் யென் வண்டி. விலை குறைஞ்ச வண்டிதானே, இதுக்கு மேல எங்க வரப்போகுதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஏறியிருக்கேன். நியாயஸ்தன்னு எனக்கு நானே பட்டம் வேற.

...என்ன? ...என்னைக்கு? ...வண்டி திரும்பி வந்த அன்னைக்கேவா!

மூணு வாரமா உங்களுக்குத் தெரியுமா? டயர்ல காத்து கம்மின்னு குறிச்சு வேற வச்சிருக்கீங்க... அப்புறம் ஏன்யா சொல்லல? ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே? ...

...

ஆமா. எழுதியிருப்பேன். 'குறை சொன்னா டயர் மேல பழி போடுறாங்க'ன்னுதான் எழுதியிருப்பேன். போன வருஷம் இன்னொரு கம்பெனியை அப்படித்தான் கிழிச்சேன். உங்க வாயை நானே கட்டிட்டேன்.

சரி, அதை விடுங்க. இப்ப மீட்டிங்ல ஃபோனை அவங்ககிட்ட குடுங்க. நானே சொல்றேன், ஸ்பிரிங்கை இறுக்காதீங்கன்னு கெஞ்சுறேன். நான் இங்க தலை குனிஞ்சுதான் நிக்கிறேன். சோபா தின்னுட்டு வர்றவங்க எல்லாம் வேடிக்கை பாக்குறாங்க... முடிஞ்சுருச்சா? ...காலையிலயேவா? ...கையெழுத்தும் ஆயிருச்சா...

நாலு வருஷம். நாலு வருஷம் இந்த மலையில ஏறி இறங்கி நீங்க பண்ணின வேலை. மன்னிச்சிருங்கன்னு சொல்லக்கூட எனக்கு...

ம்? ...எப்படி இருந்துச்சுன்னா?

வண்டியா? இன்னைக்கா? ...

தொகுனாகா சான், அந்தத் தேவதாரு மரத்துக்குக் கீழ ஒரு வளைவு இருக்குமே, உள்ள போகப் போகக் குறுகும்... ஆமா, ஆமா, அதேதான்! அங்க பயந்துக்கிட்டே திருப்பினேன். வண்டி லேசா சாய்ஞ்சுது. 'இவ்ளோதான் சாய்வேன், பயப்படாதே'ன்னு சொல்ற மாதிரி அங்கயே நின்னுருச்சு. பின் சக்கரம் என்ன பண்ணுதுன்னு இடுப்புல தெரிஞ்சுது. திரும்பிப் போய் அதே வளைவுல ஆறு தடவை ஓட்டினேன். நான் ஓட்டினதுலயே... ஹலோ? இருக்கீங்களா? ...

இருங்க, இருங்க. மெதுவாச் சொல்லுங்க... ஏற்கனவே வாங்கினவங்களுக்குமா? எல்லாருக்கும் இலவசமா மாத்திக் குடுக்கறாங்களா? நாலாயிரம் வண்டிக்கும்? அப்போ இந்த மாதிரி வண்டி ஒண்ணு கூட மிஞ்சாதே!

...எழுதுறேன். எழுதுறேன்யா. கம்பெனிக்காரரு நீங்க சொல்ல முடியாது, நான் சொல்றேன். வாங்கினவங்களைப் பாத்து 'ஸ்பிரிங்கை மாத்தாதீங்க'ன்னு தலைப்பே போடுறேன்... மீட்டர் கதையையும் போடுறேன். அதைப் போடலன்னா எவன் நம்புவான்? ஆசிரியர் மாட்டேன்னா, என் பத்தியை நிறுத்திட்டாலும் பரவாயில்ல... ஆமா. பேரும் போட்டோவும் போட்டுத்தான்.

தொகுனாகா சான், ஒண்ணே ஒண்ணு. ஒரு வார்த்தையாவது திட்டிருங்களேன்... என்னது? ...டயருக்குக் காத்துப் பாத்தேனாவா?

...பாத்தேன். பாத்துட்டுத்தான் மலை ஏறினேன்... இறங்கும்போதும் பாக்குறேன். பங்க் மீட்டர்லயே பாக்குறேன்... சரி. பத்திரமா இறங்குறேன்... நீங்க...

ஹலோ?

...வச்சுட்டாரு.