ஆமென் சொல்ல மறுத்த எங்கள் சிஸ்டர் லெசியேலிக்கு

வவாவுத் தீவின் திருச்சபை நோயாளர் இல்லத்தில், ஆண்கள் வார்டை முப்பத்து நான்கு ஆண்டுகள் அசையாமல் ஆண்ட அம்மையீர்! மருந்து வரும் முன்னே முகமலர்ச்சியோடு வந்தவரே! கண் கலங்கியவரைக் கடிந்து பேசியே கண்ணீர் துடைத்தவரே! தொங்கா நாட்டுத் தாதியர் குலத்துக்கே தலைநிமிர்வு தந்த தலைமைச் செவிலியர் லெசியேலி மோவாலா அவர்களே! எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடையில் பாய் சுற்றி, பணி ஓய்வு பெறும் இன்று இந்த மேடையில், சும்மா உட்காரத் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் தங்களுக்கு, உடன் உழைத்தோர் அனைவரும் உளமார எழுதும் மடல் இது.

இதை எழுத முதலில் டாக்டரைத்தான் கேட்டோம். அவர் கையெழுத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினால் படிக்க ஆள் கிடைக்காது என்பதால், வேலை சலவைக்கூடத்து ஹெனேலியின் தலையில் விழுந்தது. போர்வையில் ஒரு பொட்டுக் கறை நின்றாலும் தங்களிடம் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். திட்டு வாங்கியவன் எழுதினால் பொய் குறையும் என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

அந்த நாட்களை நினைத்தால் நெஞ்சு இனிக்கிறது. காலை ஆறு மணிக்கு, ஷிப்ட் மாறும் முன்பு, வார்டின் நடுவில் எல்லோரும் நின்று ஒரு கீர்த்தனை பாடுவோம். வாத்தியம் கிடையாது. தங்கள் குரல்தான் முதலில் எழும்பும். கட்டிலில் கிடப்பவர்கள் கிடந்தபடியே கீழ்க்குரல் கொடுப்பார்கள். ஞாயிறு தோறும், ஊரே கோயிலுக்குப் போய்வந்து மண்ணுக்குள் புதைத்த அடுப்பைத் திறக்கும் நேரத்தில், சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் பொதிந்த பொட்டலங்களை மடியில் மறைத்துக் கொண்டுவருவீர்கள். சொந்தபந்தம் இல்லாத நோயாளிகளுக்கு அது.

"சீக்கிரம் சாப்பிடுங்க. டாக்டருக்குத் தெரிய வேண்டாம். ஆண்டவருக்குத் தெரியும், அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

ஆண்டவரோடு அவ்வளவு உரிமை தங்களுக்கு! அந்த உரிமைதான் பின்னால் சண்டையாகவும் முற்றியது. அதை மறைத்து எழுதினால் இது தங்கள் மடலாக இராது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கள் மார்பில் கட்டி வந்தது. ஆக்லாந்துக்குப் போய் அறுத்துக்கொண்டு, பாதி எடையோடு திரும்பி வந்தீர்கள். வந்த மறுநாளே பணிக்கும் வந்தீர்கள். ஆனால் காலைக் கீர்த்தனையில் தங்கள் வாய் திறக்கவில்லை. ஒரு நாள், ஒரு வாரம் என்று பார்த்தோம், மாதங்கள் ஓடின. எங்கள் நாட்டில் ஒருவர் பாடாமல் நிற்பது, பட்டப்பகலில் நிலவு வந்தது போல ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். போதகரே வந்து விசாரித்தார்.

"என்ன சிஸ்டர், தொண்டை சரியில்லையா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு, போதகரே. அவர் மேல கோபம். கோபத்தை மனசுல வச்சுக்கிட்டு வாயால துதிக்க எனக்கு வராது."

போதகர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஏழாவது மாதம் தங்கள் தம்பி ஃபெலேதியை எங்கள் வார்டுக்கே தூக்கிவந்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. டாக்டர் கையை விரித்துவிட்டார். நாற்பது ஆண்டுகள் கோயிலில் பிரசங்கித்த மனிதர், வாழைத்தண்டாய்த் துவண்டு கிடந்தார். பன்னிரண்டு வயதில், எங்கள் வழக்கப்படி, வளர்ந்த பையன்கள் தனியே படுக்கும் குடிசைக்கு அவர் போனது முதல், கோயிலைத் தவிர வேறெங்கும் நீங்கள் இருவரும் ஓர் அறையில் இருந்ததில்லை. அக்காவுக்குத் தம்பி காட்டும் மரியாதை அது, மீற முடியாது. அவர் மேல் கைபடுவது இருக்கட்டும், அவர் கிடந்த வார்டின் வாசலைக்கூடத் தாங்கள் தாண்டவில்லை. உள்வேலையை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, வெளிவேலை முடிந்ததும் வெளி வராந்தாவில், அவர் தலைமாட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், பாய் விரித்து உட்கார்ந்தீர்கள்.

அக்காவும் தம்பியும் காது கேட்கும் தூரத்தில் இருக்கும்போது யாரும் கேலிப்பேச்சு பேசக் கூடாது அல்லவா? தீவிலேயே அதிகம் சிரிக்கிற எங்கள் வார்டு ஊமையாகிப் போனது. கால் முறிந்து கிடந்த படகுக்காரர் லாதூ மூன்றாம் நாளே ஹெனேலியைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஏம்பா, இது ஆஸ்பத்திரியா கல்லறையா? சிரிப்பை அடக்கி அடக்கி எனக்குக் காய்ச்சலே வந்திடும்போல இருக்கு."

ஃபெலேதிக்கோ வேறொரு கவலை. விரிப்பு மாற்றப் போன ஹெனேலியிடம் அவர் கேட்டார்.

"அக்கா எனக்காக ஜெபம் பண்றாங்களா?"

"என்ன அண்ணே இப்படிக் கேக்குறீங்க? காலையும் மாலையும் பண்றாங்க."

"பொய் சொல்லாதே. காலையில பாட்டு கேக்குது, அதுல எங்க அக்கா குரல் இல்லை. நான் பொழைக்கணும்னு கேக்கலைடா. அக்கா ஆண்டவரோட பேசுற சத்தம் காதுல விழுந்தா போதும், நிம்மதியா கிளம்பிடுவேன். அவங்களை இப்படி விட்டுட்டு எப்படிடா போவேன்?"

ஹெனேலி அழுக்கு விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே வராந்தாவுக்கு வந்தான். கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னான். தாங்கள் அவனை ஒரு முறை முறைத்தீர்கள். விரிப்பைத் தரையில் போடாதே என்று மட்டும் சொன்னீர்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்து அவன் சலவைக்கூடத்துக்குத் திரும்பினான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஃபெலேதிக்கு வலி கூடியது. கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. அவர் முனகல் சுவர் தாண்டி வந்தது. பாயில் இருந்தபடியே தாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். கண்ணை மூடவில்லை, கை கூப்பவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும் குரலில், சண்டைக்காரியைப் போல ஆரம்பித்தீர்கள்.

"ஆண்டவரே, உம்மோட நான் பேசி ஏழு மாசம் ஆச்சு. ஏன்னு உமக்கே தெரியும். நான் கேட்டேன், நீர் வாயைத் திறக்கலை. போகட்டும். இப்ப எனக்காக வரலை. என் தம்பிக்கு வலிக்குது. ஆயுசு முழுக்க உம்மைப் பத்தி நல்லதா மட்டுமே பேசினவன் அவன். எனக்குக் குடுக்காம வச்சிருக்கீரே, அதையெல்லாம் சேர்த்து அவனுக்குக் குடும். நான் ஆமென் சொல்ல மாட்டேன். நீர் முதல்ல செய்யும், அப்புறம் சொல்றேன்."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அறுந்த நூல் போல ஒரு குரல் வந்தது.

"அக்கா, அவரை ரொம்ப மிரட்டாதீங்க. நான் இன்னும் கொஞ்ச நேரத்துல அவர் வீட்டுக்குத்தானே போகணும்?"

தம்பி அக்காவிடம் கேலி பேசிவிட்டார்! ஐம்பது வருஷ மரியாதை சடசடவென்று உடைந்து விழுந்தது. நாங்கள் விறைத்து நின்றோம். லாதூ போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வராந்தாவில் தாங்கள் முதலில் குலுங்கினீர்கள். அழுகை என்று நினைத்தோம். சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உள்ளே அவரும் சிரிக்க, போர்வைக்குள் லாதூ சிரிக்க, அடக்கி வைத்திருந்த ஒன்பது நாள் சிரிப்பும் வார்டில் பொங்கி வழிந்தது. கண்ணில் நீர் இல்லாதவர் எங்களில் ஒருவரும் இல்லை.

அன்று மாலை வலி அடங்கியது. மருந்தா, மன்றாட்டா என்று டாக்டரைக் கேட்டோம். எனக்குத் தெரியாது என்றார். அவர் அவ்வளவு நேர்மையாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. மறுநாள் விடியற்காலை ஃபெலேதி தூக்கத்திலேயே போனார். இறந்தவரின் தலைமாட்டில் அமரும் உரிமை அக்காவுக்கு உண்டு. அப்போதுதான் தாங்கள் அந்த வாசலைத் தாண்டினீர்கள். தம்பியின் நெற்றியில் கை வைத்து, "ஆமென்" என்றீர்கள். உயிரோடு இருந்தபோது ஒரு தரம் தொட்டிருக்கக் கூடாதா என்று எங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டது. தங்கள் நெஞ்சும் அடித்துக்கொண்டிருக்கும். தாங்கள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

விசுவாசம் என்பது வாய் நிறையத் துதிப்பது என்று எண்ணியிருந்தோம், அம்மையீர். கோபித்துக்கொண்டும் எதிரே உட்கார்ந்திருப்பது என்று தங்களைப் பார்த்த பிறகே புரிந்தது.

இனி வாழ்த்த வேண்டிய இடம். நோய் இப்போது எலும்புக்கு வந்துவிட்டது என்பதைச் சென்ற மாதம் தாங்களே எங்களிடம் சொன்னீர்கள். "நூறு வயசு, நீண்ட ஆயுள்னு எவனாவது எழுதினா சட்டத்தோட உடைப்பேன்" என்று ஹெனேலியை எச்சரித்தும் இருக்கிறீர்கள். ஆகவே எழுதவில்லை. அதற்குப் பதில் ஒரு வாக்குத் தருகிறோம்.

தங்களுக்குக் கட்டில் வேண்டிய நாள் வரும்போது, ஜன்னலோரக் கட்டில் தங்களுக்கு. தலை வாருவோம், முதுகு துடைப்போம், தூங்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருப்போம். பாட மனமிருந்தால் சேர்ந்து பாடுவோம். கோபமிருந்தால் சேர்ந்து கோபித்துக்கொள்வோம். எங்களில் ஒருவரும் தங்களுக்குத் தம்பி இல்லை, சிஸ்டர். எந்த வாசலும் எங்களைத் தடுக்காது. உள்ளே வருவோம்.

இங்ஙனம்,
தங்கள் திட்டுக்கு இன்னும் ஏங்கும்
ஆண்கள் வார்டு, சமையற்கட்டு, சலவைக்கூடம், மருந்தறைப் பணியாளர்கள்,
திருச்சபை நோயாளர் இல்லம், வவாவு.