மீசைக்காரரின் ஞானப்பல்

— ஏங்க, அந்த மீசைக்காரர் இன்னைக்காவது போனை எடுத்தாரா?

— இல்ல டாக்டர். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு.

— இங்கே வாசல்ல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். கட்டின பொண்டாட்டியை எதுக்கு டாக்டர்ங்கறீங்க?

— நான் இந்த வரவேற்பு மேஜையில உட்கார்ந்திருக்கிற வரைக்கும் நீ டாக்டர்தான். வீட்டுக்கு வா, பேர் சொல்லிக் கூப்பிடறேன்.

— ஏன் பல்லைக் கடிச்சுக்கிட்டே பேசறீங்க?

— ஸ்டைல்.

— கன்னத்துல கை?

— யோசனை.

— சரி, அவர் எக்ஸ்ரேயை எடுங்க. இதோ பாருங்க… எல்லாப் பல்லும் ஒழுங்கா நிக்குது. கடைசியில இது மட்டும், ரயில்ல சீட்டு கிடைக்காதவன் மாதிரி குறுக்கே படுத்துக்கிட்டு…

— ஞானப்பல்தானே? ஞானம் வந்த களைப்பு. படுத்துடுச்சு.

— படுத்தது சும்மா இருக்கா? பக்கத்துப் பல்லைத் தலையால முட்டுது.

— ஆமா, நீ சொல்லும்போதே முட்டுது.

— என்னது?

— அவருக்கு… முட்டுமேன்னு சொன்னேன்.

— மேல ஈறு பாதி மூடியிருக்கு. சாப்பிடறதெல்லாம் அதுக்கடியில போய் ஒளிஞ்சுக்கும். பிரஷ் போகாது. அழுகி, வீங்கி, வாயைத் திறக்க முடியாம…

— போதும் போதும்! சாப்பாட்டு நேரம்.

— நீங்க எங்கே சாப்பிட்டீங்க? பாலும் வாழைப்பழமுமா ஓடுது.

— எடையைக் குறைக்கிறேன்.

— எடை குறையறவருக்குப் போன வாரம் ஒரு கன்னம் மட்டும் எப்படிங்க குண்டாச்சு?

— குண்டாகலை. இன்னொரு கன்னம் முந்திக்கிட்டுக் குறைஞ்சிடுச்சு… இந்தப் பல்லை இப்படியே விட்டா என்ன ஆகும்னு அவர் கேட்டாரு.

— பக்கத்துப் பல்லையும் சொத்தையாக்கும். சீழ் கழுத்துக்கு இறங்கினா பெரிய ஆஸ்பத்திரிதான்.

— எடுத்தா?

— மரத்துப் போக ஊசி. ஈறைக் கீறி, பல்லை ரெண்டா வெட்டி, துண்டு துண்டா எடுத்து, தையல். அடியில ஒரு நரம்பு ஓடுது, ரொம்ப நெருக்கத்துல. அதுல பட்டா உதடு கொஞ்ச நாள் மரத்துக் கிடக்கும்…

— கீறி, வெட்டி, தையல்… நீ பல் டாக்டரா, தச்சு ஆசாரியா?

— வர்றவங்ககிட்டல்லாம் ‘பூப்பறிச்ச மாதிரி இருக்கும், போங்க’ன்னு சொல்லி உள்ளே தள்றது யாரு?

— ஊருக்குச் சொல்றது வேற, எனக்குச் சொல்லிக்கிறது வேற!

— உங்களுக்கு எதுக்குச் சொல்லிக்கணும்?

— பேச்சுவாக்குல வந்துடுச்சு.

— சரி, உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லி, அவருக்கு உங்ககிட்ட கொடுத்தனுப்பின மாத்திரை? சாப்பிட்டாராமா?

— ஒரு வேளை தப்பலை. அப்பப்பா, என்ன கசப்பு!

— போனே எடுக்காதவர் இதை எப்போ சொன்னாரு?

— சரி… அந்த மீசைக்காரர் நான்தான்.

— உங்களுக்குத்தான் மீசையே இல்லையே.

— அதனாலதானே அந்தப் பேர் வச்சேன்! யாருக்குச் சந்தேகம் வரும்? நீ வெளியே போனப்ப நர்ஸ் பொண்ணைக் கெஞ்சிக் கூத்தாடிப் படம் எடுத்து…

— தெரியும்.

— சொல்லிட்டாளா? சத்தியம் பண்ணினாளே!

— பாவம், அவ வாயே திறக்கலை. பக்கத்துப் பல்லுல இருக்கிற சிமெண்டு அடைப்பு நான் வச்சது. என் கைவேலை எனக்குத் தெரியாதா? பார்த்த உடனே தெரிஞ்சுடுச்சு.

— அப்போ மாத்திரை, உப்புத் தண்ணி…

— எல்லாம் உங்களுக்குத்தான். வீக்கம் வடியாம பல்லுல கை வைக்கக் கூடாது. நேராச் சொன்னா நீங்க ஊரை விட்டே ஓடிடுவீங்க. அதான் மீசைக்காரர் மூலமாவே வைத்தியம்.

— அடிப்பாவி! நான்தான் பெரிய நடிகன்னு நெனச்சேன்.

— பாத்ரூம்ல கொப்பளிக்கிற சத்தம் கேட்கக் கூடாதுன்னு நடுவுல பாடினீங்களே… அதைக் கேட்டுட்டுச் சிரிக்காம இருந்தேன் பாருங்க, அதுதாங்க நடிப்பு.

— பயம் பாதிதான்டி. மீதி… என் வாயில கத்தி வைக்கிறப்ப உன் முகம் எப்படிப் போகும்னு நெனச்சுப் பார்த்தேன். அதை என்னால பார்க்க முடியாது.

— கண்ணை மூடிக்க வேண்டியதுதானே.

— மூடினா மட்டும் தெரியாதா? சரி, ஆனது ஆகட்டும். நாற்காலியில உட்கார்றேன். எடு.

— நான் எடுக்கலை.

— பின்னே?

— இன்னைக்கு வர வேண்டியவங்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லிட்டேன். என்கூடப் படிச்சவ வந்திருக்கா. படுத்த பல்லை எடுக்கிறதுதான் அவளுக்கு முழுநேர வேலையே. பின்வாசல் வழியா வந்து, உள்ளே கை கழுவிக்கிட்டு இருக்கா.

— அவ எதுக்கு? நீ எத்தனை பேருக்கு எடுத்திருக்கே!

— அவங்க யாரும் என் புருஷன் இல்லையே.

— அப்போ நீ என்ன பண்ணப் போறே?

— பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காருவேன். முடியற வரைக்கும் நீங்க என் கையைப் பிடிச்சுக்கங்க… படத்தைப் பார்த்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க.