வெட்டிய பிறகும் கூப்பிடும் சதை

திருப்பனந்தாள் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளின் கழுத்தில் புதுக் கட்டு. கழுத்துக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

“வெட்டி எடுத்த டான்சில் நாலு நாளா உயிரோட இருக்குதாம்க்கா,” என்றாள் இளையவள். “ஜெர்மனியில எம்பொண்ணு லேப்ல அதைத்தான் பாக்குறா.”

“வெட்டினப்புறம் என்ன உயிரு ஸ்டெல்லா?”

“மெல்லிசா சீவி, உடம்புச் சூட்டுலயே வச்சிருக்காங்க. கிருமியை விட்டா ஒரு வெள்ளையணு என்னமோ கக்குமாம். அது பச்சையா மின்னுது. உடனே மத்த அணுவெல்லாம் அங்க ஓடுது. வீடியோ அனுப்பியிருந்தா. எனக்குச் சிலிர்த்துப்போச்சுக்கா.”

“கொள்ளிடத்துல வெள்ளம் வந்தா கரைக்காவல் ஆளு குரல் கொடுப்பானே, ஊரே மணல்மூட்டையோட ஓடுமே, அப்படியா?”

“அதேதாங்க்கா.”

“டான்சிலுக்குச் சொந்தக்காரன்?”

“ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போயிட்டானாம்.”

“அவன் போயிட்டது அந்தச் சதைக்குத் தெரியாதா?”

“எப்படித் தெரியும்? அவனைக் காப்பாத்துறதா நெனச்சுத்தான் இன்னும் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு.”

நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. மூத்தவள் கழுத்துக் கட்டின்மேல் மெல்லக் கை வைத்தாள்.

“என்னோடதும் எந்த டப்பாவுல கெடந்து எனக்காகக் கூப்பிடுதோ.”