முழங்காலுக்கு அடியில்

இலவம்பஞ்சுத் தலையணைக்கு நிகர் வேறு கிடையாது, சிஸ்டர். லால்குடியில் பஞ்சு வாங்கி, நானே கொட்டை நீக்கி அடைத்தேன். தம்பிக்காகத்தான்.

நீங்கள் சொன்னதை மறந்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை. முழங்காலில் கிழிந்த ஜவ்வை எடுத்த அன்று தம்பி தைரியராஜ் மயக்கம் தெளியாமல் கிடந்தான். வராந்தாவில் என்னிடம் சொன்னீர்கள்: "வலிக்குதுன்னு அழுவான். பாவம் பாத்து முட்டிக்கு அடியில தலகாணி வச்சிடாதீங்க, லூர்து. கால் மடங்குனபடியே நின்னுடும். தினமும் நீட்டித் தூக்கச் சொல்லுங்க. அப்பத்தான் மறுபடி ஆட முடியும்."

பொன்மலை ஒர்க்‌ஷாப் கால்பந்து அணியில் வலது ஓரம் நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன். அவன் வந்தான், என்னை உட்கார வைத்தார்கள். என் பனியனையே அம்மா பிடித்துத் தைத்து அவனுக்குப் போட்டு அழகு பார்த்தாள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு மெட்ராஸ் அணி அவனைக் கூப்பிட்டது. ஸ்ரீரங்கத்து மைதானத்தில் முட்டி திருகிக்கொண்ட பிறகும், கால் தேறட்டும், காத்திருக்கிறோம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததுமே கெஞ்சினான். "அண்ணே, நீட்டினா உசுரு போவுது. முட்டிக்கு அடியில ஏதாவது அண்டக் குடுண்ணே."

கொடுத்தேன். "காலை அசைக்கவே கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்கடா."

"நீ சொன்னா சரிதாண்ணே."

குளிப்பாட்டினேன், ஊட்டிவிட்டேன், கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "மாமியா வீட்டு மாப்பிள்ளைகூட இப்படிக் கெடக்கமாட்டான்டா," என்று எதிர்வீட்டுச் சின்னையா சிரித்தார். "பெத்தவ நான்கூட இப்படிப் பாக்கலையே," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பற்றி அவள் அப்படிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

தொடை சூம்பியது. தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனைக் கூட்டி வரச் சொன்ன நாட்களில் நான் மட்டும் வந்து, நன்றாக நடக்கிறான் என்று உங்களிடம் சொன்னேன். கால் இனி நீளாது என்று உறுதியான பிறகுதான் தலையணையை உருவினேன். இப்போது அதில் நான் படுக்கிறேன். இன்று அவனை இங்கே கூட்டி வந்தது அம்மா. அவளுக்கு எதுவும் தெரியாது.

ஞாயிறுதோறும் அவனைச் சைக்கிளில் வைத்து, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போகிறேன். வலது ஓரத்தில் மறுபடி நான்தான். கோட்டுக்கு வெளியே மடங்கிய காலோடு உட்கார்ந்திருப்பான். நான் கோல் போட்டால் எல்லாரும் கை தட்டுகிறார்கள். அவன் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்த்துப் பார்த்துச் செய்த அண்ணனுக்கு ஒரு கைதட்டல். அதற்குக்கூட மனசு வரவில்லை அவனுக்கு.